கிணற்றில் இறக்கிய விளக்கு

ரோட்டுக்கு வந்த பிறகும் மூச்சு சரியாக வரவில்லை. திருமயம் போகிற செம்மண் ரோடு அது. இரண்டு பக்கமும் பொட்டல், அங்கங்கே ஈச்சம்புதர், அதை விட்டால் சரளைக்கல் குவியல். காற்றுக்குப் பஞ்சமில்லை, வேட்டியைத் தூக்கி அடிக்கிற அளவுக்குக் காற்று. என் நெஞ்சு மட்டும் இன்னும் கிணற்றுக்குள் இருப்பதுபோல அடித்துக்கொண்டு காற்றைத் தேடியது. காலில் அப்பியிருந்த கறுப்புச் சேறு காய்ந்து, நடக்க நடக்கச் செதில் செதிலாக உதிர்ந்தது. நாற்றம் உதிரவில்லை.

வேலையை விட்டுவிட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நடந்தேன். பிறகு இலுப்பூர்ப் பக்கம் வயல் கிணறு வெட்டிய கூட்டத்தை விட்டு நடந்தேன். கறம்பக்குடியில் மூட்டை தூக்கினேன், ஒரு சூளையில் செங்கல் அறுத்தேன், இரண்டையும் விட்டு நடந்தேன். ஊர் எல்லையைத் தாண்டினால் மனசு லேசாகிவிடும். எங்கே சாப்பாடு, எங்கே படுக்கை என்ற கவலையெல்லாம் பிறகுதான் வரும்.

அன்றைக்கு லேசாகவில்லை. மறுநாள் காலையில் அந்தக் கிணற்றுக்குள் யார் இறங்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும். இறங்கினால் என்ன ஆகும் என்றும் தெரியும்.

அது ஒரு பெரிய வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வீட்டுக்காரருக்கு ரங்கூனில் கடை. குடும்பமே அங்கேதான் இருந்தது. சண்டை நெருங்குகிறது என்று மனைவியைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, சரக்கை ஒதுக்கிவிட்டு வருகிறேன் என்று அவர் தங்கிவிட்டார். பிறகு ஜப்பான்காரன் குண்டு போட்டான். காட்டு வழியாக ஆட்கள் நடந்தே வருகிறார்கள் என்று பேச்சு இருந்தது. சிலர் வந்தும் சேர்ந்தார்கள். அவரிடமிருந்து மட்டும் தகவல் இல்லை. அந்த அம்மாளை எல்லோரும் ஆச்சி என்று கூப்பிட்டோம். வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து கூட்டி மெழுகி, சாமி அறையில் ஒரு விளக்கை ஏற்றி வைத்திருந்தார். அதை அவர் அணைய விடுவதில்லை. எண்ணெய் கிடைப்பது கஷ்டமான அந்த நாளிலும் தலைக்கு வைக்கிற எண்ணெயை நிறுத்திவிட்டு விளக்குக்கு ஊற்றினார் என்று சமையற்கட்டு ஆள் சொன்னாள்.

வீட்டுக் கிணறு பலகை போட்டு மூடிக் கிடந்தது. பலகை இற்று, வேம்பும் பன்னீர் மரமும் உதிர்த்த சருகெல்லாம் உள்ளே விழுந்து அழுகிப்போயிருந்தது. தூர் வாருவதற்கு மூன்று பேர் போனோம். மேஸ்திரி ஒருவர். அவருடைய மச்சான் ஒருவர்; கயிறு இழுப்பதில் கெட்டிக்காரர், என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். மூன்றாவது ஆள் நான். இறங்குவது என் வேலை. ஒல்லியாக இருப்பவனுக்கு எங்கே போனாலும் அந்த வேலைதான் கிடைக்கும்.

முதலில் தண்ணீரை இறைத்து வெளியே கொட்டினோம். தண்ணீர் வற்றி, சேறு தெரிந்த அன்று வெள்ளிக்கிழமை.

நாள்பட்ட கிணற்றில் ஆள் இறங்குவதற்கு முன்னால் விளக்கை இறக்கிப் பார்ப்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். கெட்ட காற்று அடியில் தங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சில சமயம் நாற்றம்கூட இருக்காது. விளக்கு அடிவரை எரிந்தால் ஆள் இறங்கலாம். நடுவில் அணைந்தால் இறங்கக் கூடாது. இலுப்பூர்ப் பக்கம் வயல் கிணறுகளில் அப்படித்தான் செய்தோம். ஒரு பழைய டப்பாவில் திரி போட்டு இறக்குவோம், அணைந்தால் மேலே கொண்டுவந்து மறுபடி பற்றவைத்து மறுபடி இறக்குவோம். வயல் கிணற்றில் விளக்கு அணைவதை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. நான் அதுவரை வீட்டுக் கிணற்றில் இறங்கியதில்லை.

மேஸ்திரி விளக்குக் கேட்டார். ஆச்சி உள்ளே போய், சங்கிலி போட்ட பித்தளைத் தொங்கு விளக்கு ஒன்றைத் துடைத்து, சாமி அறைத் தீயிலிருந்தே ஏற்றிக் கொண்டுவந்தார்.

"மேஸ்திரி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா இருக்கு. இது அவுகளுக்காக எரியிற தீ. கெணத்துக்குள்ள அணைஞ்சிரக் கூடாது."

"அணைய விட்டுருவமா ஆச்சி? எம் மச்சான் கையி கொழந்தையத் தூக்குற கையி."

"நான் பாத்துக்கிறேன் ஆச்சி" என்றார் கயிற்றுக்காரர்.

அப்போது நான் கோவணத்தை இறுக்கிக்கொண்டு துவைகல் பக்கம் நின்றேன். அவர் விளக்கை இறக்குவதையும் மேலே இழுப்பதையும் பார்த்தேன். எரிந்துகொண்டே மேலே வந்தது. ஆச்சி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனார். "எரியுதுல்ல, எறங்குடா" என்றார் மேஸ்திரி. எரிந்ததை நானும்தான் பார்த்தேன். இறங்கினேன்.

கிணற்றுச் சுவரில் கால் வைக்கப் படிக்கல் நீட்டி வைத்திருந்தார்கள். மேலே செங்கல், அதற்குக் கீழே பாறை. பாறை தொடங்குகிற இடத்தில் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. அடியில் சேறு முழங்காலுக்கு மேலே நின்றது. கூடையைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். நான் மண்வெட்டியால் வாரிப் போட்டுவிட்டுக் கயிற்றை இரண்டு தடவை வெட்டி இழுப்பேன். கூடை நிறைந்தது, தூக்கு என்று அர்த்தம். அந்த ஒரு சைகைதான் எங்களுக்குள் உண்டு.

சில கூடைகள் போயின. பிறகு, மேட்டில் ஓடியவன் மாதிரி இரைத்தது. சேறு கனம் என்று நினைத்தேன். நெற்றியைச் சுற்றித் துண்டை முறுக்கிக் கட்டினதுபோல ஒரு இறுக்கம். காதுக்குள் வண்டு ரீங்காரம். மண்வெட்டியைத் தூக்கினேன், கை பாதியிலேயே நின்றுவிட்டது. என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஆகாசம் தெரிந்தது.

மேலே கயிற்றுக்காரர் சமையற்கட்டு ஆளிடம் பேசிக்கொண்டிருந்தார். ஒரு சொல் விடாமல் கேட்டது. அவருடைய மாடு ஒன்று பக்கத்து வீட்டுக் கொல்லையில் புகுந்து புடவையைத் தின்ற கதை. "மாட்டுக்கு நல்ல சேலை எது, கெட்ட சேலை எதுன்னு தெரிஞ்சிருக்கு, அவ புருசனுக்குத்தான் தெரியல" என்று சொல்லி அவரே சிரித்தார். நான் கூப்பிட்டேன். கூப்பிட்டதாக நினைத்தேன். மேலே பேசினது எனக்கு இறங்கி வந்தது. என் குரல் என் வாயைத் தாண்டவில்லை.

படிக்கல்லில் காலைத் தூக்கி வைக்கப் பார்த்தேன். சேறு காலை விடவில்லை. உட்காரலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. அந்தச் சேற்றில் உட்கார யாருக்கு ஆசை வரும்? கயிறு மட்டும் எட்டும் தூரத்தில் இருந்தது. இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அதைப் பிடித்து இழுத்தேன். என்னைத் தூக்குங்கள் என்றுதான் இழுத்தேன்.

கூடை மேலே போனது. கயிறும் அதோடு போனது.

அது போவதைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. கத்தவில்லை, அழவில்லை. கூடையின் அடியிலிருந்து சொட்டிய சேறு என் முகத்தில் விழுந்தது. துடைக்கவில்லை.

மேலே கூடையைத் தொட்ட கயிற்றுக்காரர் குனிந்தார். "என்னடா தம்பி, வெறுங்கூடைய அனுப்புற? காத்தையா அள்ளிப் போட்ட?" பதில் வராமல் போகவே மறுபடி கூப்பிட்டார். அப்புறம் அவர் சிரிக்கவில்லை. கூடை சரசரவென்று திரும்பி வந்து என் தோளில் இடித்தது. ஒரு காலைக் கூடைக்குள் விட்டு, கயிற்றை மணிக்கட்டில் சுற்றி, முகத்தை அதில் புதைத்துக்கொண்டேன். மேஸ்திரி பின்வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஓடி வருவதற்குள் கயிற்றுக்காரர் தனியாளாக என்னைப் பாதிக்கு மேலே இழுத்துவிட்டார். ராட்டினம் அலறின அலறல் எனக்குக் கேட்டது. பிறகு அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். தோல் உரிந்து சிவப்பாக இருந்தது.

முற்றத்துக் கல்லில் குப்புறப் படுத்து வாந்தி எடுத்தேன். ஆச்சி தன் கையாலேயே சுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "பதறாதப்பா, மெதுவாக் குடி" என்றார். அவர் முகத்திலும் ரத்தம் இல்லை.

வாய் பேச வந்ததும் நான் கேட்டது ஒன்றே ஒன்று. "அண்ணே, வெளக்கு அடி வரைக்கும் போச்சா?"

"போச்சுடா. பாறை வரைக்கும் போச்சு."

"அதுக்குக் கீழ?"

"அங்கிட்டுப் போகவும் சுடர் குனிஞ்சிச்சு. சுருங்கி நீலமா ஆச்சு. படக்குன்னு இழுத்துட்டேன். அணைய விடல."

அவர் அதை ஒளிக்கவில்லை. பெருமையாகத்தான் சொன்னார். ஒரு வீட்டுத் தீயை அணையாமல் காப்பாற்றிக் கொடுத்தோம் என்ற பெருமை. வீட்டுக் கிணற்றில் அவர்கள் எப்போதும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். சுடர் குனிந்தால் இழுத்துவிடுவார்கள். எரிந்துகொண்டே வந்ததால் எரிந்தது என்று கணக்கு. அந்தக் கிணறுகளில் கெட்ட காற்று இல்லாமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"அது குனிஞ்ச எடத்துக்குக் கீழதான அண்ணே நான் நின்னேன்?"

அவர் கிணற்றைப் பார்த்தார்.

மறுபடி விளக்கை இறக்குங்கள், அணைந்தாலும் பரவாயில்லை, அணைகிற இடம் தெரிய வேண்டும் என்றேன். ஆச்சி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் தம்பி. அத மட்டும் கேக்காத." சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன்.

வைக்கோலைச் சுருட்டிக் கொளுத்திப் போடலாம் என்றார் கயிற்றுக்காரர். எந்தத் தீயானாலும் இந்த வீட்டில் பற்றவைத்தது இந்த வீட்டுக் கிணற்றில் அணையக் கூடாது என்றார் ஆச்சி. கோழியைக் கட்டி இறக்கலாமா என்றார் அவர். குடிக்கிற தண்ணீரில் ஒரு உயிர் போவதா என்றார் ஆச்சி. விளக்கும் போகக் கூடாது, கோழியும் போகக் கூடாது. நான் போகலாம். அங்கே இருந்த யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்த முற்றத்தில் நான் நின்ற இடத்திலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராகத்தான் இருந்தது.

நாளைக் காலையில் காற்று தெளிந்துவிடும், காலையில் இறங்கு என்றார் மேஸ்திரி. நான் துண்டை உதறித் தோளில் போட்டேன்.

"ஓடு ஓடு" என்றார் அவர். "ஊரு ஊரா ஓடுறவன்தான நீயி. ஒன்ன நம்பியா கெணறு இருக்கு? நாளைக்கு எம் மச்சான் எறங்குவான். தண்ணி இல்லாம ஆச்சி ஊரணிக்கும் வீட்டுக்கும் ஆளு விட்டுக்கிட்டு இருக்காக. மொதலாளி வந்து நின்னா கால் கழுவத் தண்ணி வேணாமா?"

"எறங்குறேன் மச்சான்" என்றார் கயிற்றுக்காரர், உரிந்த கையில் எண்ணெய் தடவிக்கொண்டே. என்னைப் பார்த்து, "வெளக்கு எரிஞ்சிச்சுல்லடா. ஒனக்குப் பித்தமா இருக்கும்" என்றார்.

அதை அவர் நம்பினார். அதனால்தான் நடக்கும்போதும் எனக்கு மூச்சு வரவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் பின்னாலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்தது. கரிமூட்டை ஏற்றின வண்டி. பெட்ரோல் கிடைக்காத காலம் அது. பஸ்ஸுக்குப் பின்னால் ஆள் உயர அடுப்பு ஒன்றைக் கட்டி, கரியைப் போட்டு, அதில் வருகிற கேஸில் ஓட்டினார்கள். திருமயத்து பஸ்ஸுக்குத்தான் அந்தக் கரி போனது.

"எங்கிட்டுப் போறீக?" என்றான் வண்டிக்காரன். என் வயசுதான் இருக்கும்.

"திருமயம்."

"ஏறிக்க. மூட்டை மேல உக்காந்தா கறுப்பா ஆயிருவ. ஆனா ஒன்னப் பாத்தா அதுக்குப் பயப்புடுற ஆளு மாதிரித் தெரியல."

என் காலைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான். ஏறி உட்கார்ந்தேன். என்ன வேலை என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்றேன். பஸ்காரர்களுக்கு அடுப்பு ஊத ஆள் வேண்டும், காலையில் சொல்லிவிடுகிறேன், ஊர் ஊராகப் போகலாம் என்றான். என்னை அளந்து தைத்த சட்டை மாதிரியான வேலை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் சரி என்று வாயில் வரவில்லை.

இருட்டத் தொடங்கியது. வண்டியை நிறுத்தி, அச்சுக்குக் கீழே தொங்கிய லாந்தரை எடுத்து ஏற்றி மாட்டினான். கோட்டைப் பாறை தெரிகிற இடத்தில் வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. லாந்தர் அணைந்துவிட்டது.

"சனியன்" என்றான். இறங்கிப்போய்க் குச்சியைக் கிழித்துப் பற்றவைத்துவிட்டு வந்தான். கொஞ்ச தூரத்தில் மறுபடி அணைந்தது. மறுபடி இறங்கினான்.

"விட்ருப்பா, நெலா வருது" என்றேன்.

"நெலா வந்தா போலீசுக்காரன் வரமாட்டானா? வெளக்கு இல்லாத வண்டின்னு எழுதிப்புடுவான். சீமெண்ணைக்கு நான் நாயா அலையிறது இவனுக்காகத்தான்."

"ஒருநாளைக்கு எத்தன தடவ அணையும்?"

"அத யாரு எண்ணுனா? பள்ளத்துக்குப் பள்ளம் அணையும். நீ என்ன, சாவு விழுந்த மாதிரிக் கேக்குற?"

நான் மூட்டை மேலிருந்து நகர்ந்து, குனிந்து அந்த லாந்தரைப் பார்த்தேன். கரிப்பிடித்த சிமினி, ஒரு பக்கம் நசுங்கின அடி. ரோட்டில் ஏற்றினது, ரோட்டில் அணைந்தது, ரோட்டிலேயே மறுபடி ஏற்றினது. அந்த விளக்கு யாருக்காகவும் எரியவில்லை. அணைந்தால் அதிகம் போனால் போலீசுக்காரன் வருவான்.

திருமயம் போய்ச் சேருவதற்குள் அவனிடம் முழுக்கதையையும் சொல்லிவிட்டேன். அவன் மாட்டு வாலை முறுக்குவதைக்கூட மறந்து கேட்டான். "அந்த ஆளு எறங்குனா ஏற மாட்டானா?" என்றான். "நான் ஏறல. தூக்குனாக" என்றேன். "அவனத் தூக்க அவன மாதிரி ஒரு ஆளு மேல இருக்கணுமே" என்றான் வண்டிக்காரன். அதைத்தான் நான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். மேஸ்திரிக்குத் தோள்பட்டை சரியில்லை, இழுக்க வராது.

விடிந்ததும் வெறும் வண்டியோடு அவன் வந்த வழியே திரும்பினான். நானும் அதில் ஏறிக்கொண்டேன். பஸ் நின்ற இடத்தில் ஒருவன் அடுப்பை ஊதிக்கொண்டு, புகையில் இருமிக்கொண்டு, எங்களைப் பார்த்துக் கையசைத்தான். வண்டிக்காரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "லாந்தரக் குடு" என்றேன். "நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள திருப்பித் தந்துரு. இல்லாட்டி நான் ஜெயிலுக்குப் போவேன், நீ சோறு கொண்டாந்து குடுக்கணும்" என்றான்.

மாடுகளுக்கு என் அவசரம் தெரியவில்லை. நடந்தால் சீக்கிரம் போகலாம் என்று பாதி வழியில் குதித்துவிட்டேன். ஓடவும் செய்தேன். ஊருக்குள் நுழைகிற இடத்தில், ஊரணியிலிருந்து தண்ணீர் எடுத்துவந்த பெண்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

"யாத்தாடி, பட்டப்பகல்ல லாந்தரத் தூக்கிட்டு யாரத் தேடுறாரு?"

"நேத்துக் கெணத்துல மூளையத் தொலச்சிட்டாராம். அதத் தேடி வாராரு."

பின்வாசல் வழியாக உள்ளே போனபோது கயிற்றுக்காரர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து ஒரு காலை உள்ளே போட்டிருந்தார். இடுப்பில் கயிறு இல்லை. மேஸ்திரி என்னைப் பார்த்து, "வந்துட்டாருய்யா தொரை. வெளக்கோட வேற வந்திருக்காரு" என்றார். நிலைப்படியில் நின்ற ஆச்சியிடம் போனேன்.

"ஆச்சி, இது வண்டி லாந்தர். உங்க வீட்டுத் தீயத் தொடல. தெருவுல நின்னு ஏத்திக் கொண்டாரேன்."

"எங்க கெணத்துலதான தம்பி அணையும்?"

"எம் பேருல ஏத்துறேன். அணைஞ்சா எனக்கு."

ஆச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒனக்கு ஆளு யாரும் இல்லையா?"

"இருந்தா இப்பிடி ஊர் சுத்துவேனா ஆச்சி?"

"அதுக்காக இப்பிடி வாயால சொல்லலாமா" என்றார். கயிற்றுக்காரரின் கால் கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டே இருந்தது. சாமி அறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு ஆச்சி சொன்னார்: "ஒவ்வொரு தடவையும் வெளிய போய்த்தான் ஏத்தணும். நெலைப்படிக்கு இங்கிட்டு நெருப்புக் கிழிக்கக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்றேன். மேஸ்திரியிடம், "இது என்ன வேலைன்னு கணக்குல வச்சிக்குவீகளோ வச்சிக்கங்க. கெணத்துல ஆளு இருக்குற வரைக்கும் வெளக்கு என் கையில. நான் சொன்னா எறங்கணும், நான் சொன்னா ஏறணும்" என்றேன். "பெரிய கலெக்டரு" என்றார். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

பின்தெருவுக்குப் போய் ஏற்றிக்கொண்டு வந்தேன். கயிற்றில் கட்டி மெதுவாக விட்டேன். செங்கல் முடிந்தது, பாறை வந்தது. சுடர் குனிந்தது. கயிற்றுக்காரரின் கை தானாகக் கயிற்றுப் பக்கம் நீண்டது. நான் தள்ளிவிட்டு இன்னும் கொஞ்சம் விட்டேன். யாரோ விரலால் நசுக்கியதுபோல அணைந்தது.

எல்லோரும் கிணற்றைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். நான் விழுவேனா என்று பார்த்தார்கள். ஆச்சி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டிருந்தார். நான் லாந்தரை மேலே இழுத்துக்கொண்டு பின்தெருவுக்கு நடந்தேன்.

கயிற்றுக்காரர் காலை வெளியே எடுத்துவிட்டார். விளக்கு அணைந்த இடத்துக்கும் சேற்றுக்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் அளந்தார். ஒரு ஆள் நிற்பதற்கு மேலேயே இருந்தது. அவர் போய் வேப்பங்குழையை ஒடித்துப் பெரிய கட்டாகக் கட்டிக் கயிற்றில் மாட்டினார். உள்ளே விட்டு மேலும் கீழுமாக அடித்தார். மேஸ்திரி ஊரணித் தண்ணீரைக் குடம் குடமாகக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து உள்ளே கொட்டினார். அழுகின நாற்றம் முற்றத்துக்கு ஏறி வந்தது. நான் தெருவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினேன். கொஞ்சம் கீழே போய் அணைந்தது. மறுபடி குழை, மறுபடி தண்ணீர், மறுபடி தெரு. பின்தெருவில் இருந்தவர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு சலித்துப்போய் உள்ளே போய்விட்டார்கள். ஒவ்வொரு தடவை அணையும்போதும் ஆச்சி என் முகத்தைப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. ஒரு தடவை, "கிறுகிறுன்னு வருதா தம்பி?" என்று கேட்டார். "பசிக்குது ஆச்சி" என்றேன். அன்று அந்த வீட்டில் அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். உள்ளே போய்ப் பழையது கொண்டுவந்து வைத்தார். அவர் வீட்டுக்காரர் திரும்பி வந்தாரா என்பது எனக்குத் தெரியாது. அந்த ஊருக்கு நான் பிறகு போகவில்லை.

வெயில் ஏறி முற்றத்தில் பாதி இறங்கியபோது லாந்தர் சேற்றின் மேலேயே உட்கார்ந்து எரிந்தது. குனியவில்லை. வெகுநேரம் விட்டுப் பார்த்தேன். அப்போதும் குனியவில்லை.

நான் இறங்குகிறேன் என்றேன். கயிற்றுக்காரர் கேட்கவில்லை. "நீ நேத்துப் பாத்துட்ட. இன்னைக்கு நான் பாக்குறேன். வெளக்கப் புடி" என்றார். இடுப்பில் தனிக்கயிறு கட்டச் சொன்னேன், அதற்கு மட்டும் ஒத்துக்கொண்டார். அந்தக் கயிற்றையும் கூடைக் கயிற்றையும் இழுப்பதற்கு ஊரணிக் கரையிலிருந்து இரண்டு ஆட்களை மேஸ்திரி கூட்டிவந்தார். ஒரு வெட்டு இழுத்தால் கூடை, விடாமல் ஆட்டினால் ஆள் என்று புதுச் சைகையும் வைத்துக்கொண்டோம். அவர் இறங்கினார். லாந்தரை அவருடைய முழங்கால் உயரத்தில் தொங்கவிட்டேன். கெட்ட காற்று முதலில் அடியில்தான் சேரும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அன்று காலை நான் எடுத்துக்கொண்ட வேலை அதுதான். கைப்பிடிச் சுவரில் வயிறு அழுந்தக் குனிந்து ஒரு சுடரைப் பார்த்துக்கொண்டே இருப்பது. கை மாற்ற முடியாது, தலை திருப்ப முடியாது, புகையிலை எடுத்துப் போட முடியாது. முதுகில் ஈ உட்கார்ந்தது, ஓட்ட முடியாது. ஓர் இடத்தில் ஒருநாள் முழுக்க நின்றறியாத கால் இரண்டும் துடித்தன. பக்கத்தில் திறந்த பின்வாசல், அதற்கு அப்பால் தெரு. கண்ணின் ஓரத்தில் அது தெரிந்தது. அந்தப் பக்கம் பார்த்தால், அந்த நேரத்தில் சுடர் குனிந்துவிடும் என்று தோன்றியது.

"என்னடா, இருக்கியா, கெளம்பிட்டியா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"இருக்கேன் அண்ணே."

"எரியுதா?"

"உங்க கால்கிட்டதான இருக்கு, பாருங்க."

"நான் சேத்தப் பாக்குறதா, அதப் பாக்குறதா? நீ சொல்லு."

"எரியுது."

முதல் கூடை நிறைந்து மேலே வந்து என் தோளை உரசிக்கொண்டு போனது. நான் அதைப் பார்க்கவில்லை.